ஆதாமின் வம்சக் கணக்கு: பரிணாமமும் ஜென்மப் பாவமும்

கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பரிணாமக் கொள்கைக்கும் இடையே நிலவிய பிணக்கு, மனிதன் குரங்கின் வழி வந்தவனா என்பதைப் பற்றியது என்றே பரவலாக எண்ணப்படுகிறது. 1860 முதல் திருச்சபை வெளியிட்ட ஆவணங்களைக் காலவரிசையில் வைத்துப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும்: மனித உடலின் விலங்கு மூலத்தைத் தயக்கத்துடனேனும் ஒரு நூற்றாண்டுக்குள் ஆய்வாளர்களிடம் விட்டுவிட்ட அந்த அமைப்பு, மனித இனத்தின் முதல் பெற்றோர் ஒரே இணையரா, பலரா என்ற கணக்கில்தான் பிடிவாதமாக நின்றிருக்கிறது. இந்தப் பிடிவாதத்தின் வேரைத் தொடக்க நூலின் ஆறு நாள் படைப்பு வரலாற்றில் தேடிப் பயனில்லை. குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு ஐந்தாம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட ஒரு விளக்கத்தில் அது புதைந்திருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கர் பழைய ஞானோபதேச மரபில் 'ஜென்மப் பாவம்' என்றும் இன்றைய மறைக்கல்வி நூல்களில் 'பிறப்புநிலைப் பாவம்' என்றும் வழங்குவது, ஒருவர் தாமே செய்த குற்றத்தைக் குறிப்பதன்று. முதல் மனிதன் கடவுளின் கட்டளையை மீறியதால் இழந்த அருள்நிலையை அவன் வழிவந்தோர் யாவரும் இழந்தவர்களாகவே பிறக்கிறார்கள் என்ற போதனையை அது குறிக்கிறது. இப்போதனைக்கு மேற்குலகில் நிலைத்த வடிவம் தந்தவர், இன்று அல்ஜீரியாவின் அன்னாபா என்று அறியப்படும் ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன் (354–430). ஆதாம் தன் பாவத்தால் பிறருக்குத் தீய முன்மாதிரியானானே தவிர, அவன் குற்றம் யாருக்கும் தொற்றவில்லை என்று பெலாஜியுஸ் என்ற துறவியும் அவரைச் சார்ந்தோரும் வாதிட்டபோது, அகுஸ்தீன் வழக்கத்தையே சான்றாக்கினார். திருமுழுக்குப் பாவ மன்னிப்புக்காகத் தரப்படுகிறது. பாலுண்ணும் குழந்தைக்கும் திருச்சபை அதைத் தருகிறது. அக்குழந்தை தானாக எந்தப் பாவமும் செய்திருக்க முடியாது. ஆகவே அது பிறப்பிலேயே ஒரு பாவத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் இதை ஏற்றது. கிழக்குத் திருச்சபைகள் இத்தனை தூரம் போகவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆதாமிடமிருந்து சாவும் நலிவும் வந்தன என்று ஏற்ற அவை, அவனுடைய குற்றப்பொறுப்பே இறங்கி வருகிறது என்று வற்புறுத்தவில்லை. அகுஸ்தீனுக்கு முன்பே, இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் இரனேயுஸ், ஆதாமை முதிர்ச்சியடையாத சிறுவனாகவே கண்டார்.

பதினாறாம் நூற்றாண்டில், சீர்திருத்தச் சபைகளுடன் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், திரெந்து பொதுச்சங்கம் 1546 ஜூன் 17 அன்று இப்போதனையைச் சட்ட விதிகளின் வடிவில் அறுதியிட்டது. ஆதாமின் பாவம் தோற்றத்தில் ஒன்றே என்றும், அது பிறரைப் பார்த்துப் பின்பற்றுவதால் வருவதன்றி வழிமரபாக இறங்கி ஒவ்வொருவரிடமும் அவரவருக்குரியதாகவே இருக்கிறது என்றும் அதன் மூன்றாம் விதி கூறுகிறது. அன்றைக்குப் பெலாஜியுஸின் நிழலை விரட்டவே இவ்விதி எழுதப்பட்டது. முதல் மனிதர் எத்தனை பேர் என்று சங்கத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆயினும் பாவம் வம்சத்தின் வழியே வருகிறது என்று சொல்லிவிட்டால், வம்சத்துக்கு ஒற்றைத் தலைவன் இருந்தாக வேண்டும் என்பது தானாகவே பின்தொடர்கிறது. பிற்காலத்தில் இறையியலார் இதனை 'ஒருமுன்னோர்க் கொள்கை' என்றும், பல முதல் மனிதரிடமிருந்து மனித இனம் தோன்றியது என்ற கருத்தைப் 'பல்முன்னோர்க் கொள்கை' என்றும் அழைக்கலாயினர்.

டார்வினுக்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே இக்கணக்கைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர் ஒருவர் உண்டு. பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த கால்வினியரான இசாக் லா பெய்ரேர், ஆதாம் யூதரின் மூதாதை மட்டுமே என்றும் அவனுக்கு முன்பே பிற இனத்தார் உலகில் வாழ்ந்தனர் என்றும் வாதிட்டு 1655-இல் ஒரு நூலை வெளியிட்டார். காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்ற பழைய ஐயமும், அமெரிக்கக் கண்டத்தின் மக்களைப் பற்றிய புதிய செய்தியும் அவருடைய நூலில் கலந்திருந்தன. அந்நூல் பாரிஸில் எரிக்கப்பட்டது. மறு ஆண்டில் அவர் கைதானார். உரோமைக்குச் சென்று திருத்தந்தை ஏழாம் அலெக்சாந்தர் முன் தம் கருத்தைக் கைவிட்டுக் கத்தோலிக்கராகி விடுதலை பெற்றார். பல்முன்னோர்க் கொள்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர்கள் கையிலெடுத்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. எல்லா மனிதரும் ஒரே பெற்றோரின் மக்கள் என்ற போதனையைத் திருச்சபை இறுகப் பற்றியதில் இனவெறிக்கு எதிரான ஒரு நியாயமும் இருந்தது.

டார்வினின் நூல் 1859-இல் வெளிவந்த அடுத்த ஆண்டே, ஜெர்மனியின் கொலோன் நகரில் கூடிய மாநில ஆயர் மன்றம், மனித உடல் தாழ்ந்த உயிரினத்திலிருந்து தானாக மாறி வந்தது என்ற கருத்தை நிராகரித்தது. 1869-இல் தொடங்கிய முதலாம் வத்திக்கான் சங்கத்துக்கென எழுதப்பட்ட வரைவுகளில் ஒருமுன்னோர்க் கொள்கையை விசுவாச விதியாக்கும் ஒரு பகுதி இருந்தது. அது வாக்கெடுப்புக்கு வருமுன், 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை உரோமைக்குள் நுழைய, சங்கம் கலைந்தது. ஒரு படையெடுப்பு இவ்வகையில் இறையியலுக்குச் செய்த உதவி சிறிதன்று: அவ்வரைவு நிறைவேறியிருந்தால் பின்வந்தோர்க்கு அசையக்கூட இடம் இருந்திராது.

அதற்குப் பின் உரோமை கையாண்ட முறை, வெளிப்படையான கண்டனத்தை முடிந்தவரை தவிர்த்துத் தனி மனிதரை மட்டும் அமைதியாக்கும் முறையாகும். முதல் மனிதனின் உடல் பரிணாமத்தால் உருவாகியிருக்கலாம், ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைத்தார் என்று 1871-இல் எழுதிய ஆங்கிலேய உயிரியலாளர் மைவர்ட்டுக்கு, ஐந்தாண்டுகள் கழித்துத் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் முனைவர் பட்டமளித்தார். ஏறத்தாழ அதே கருத்தை எழுதிய பிரெஞ்சுத் தொமினிக்கன் துறவி லெருவாவுக்கோ 1895-இல் வேறு கதி நேர்ந்தது. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலைப் பேணிய உரோமைப் பேராயம் அவர் நூலைத் தடைசெய்ய முடிவெடுத்தது. ஆனால் ஆணையை வெளியிடாமல், அவரே பாரிஸ் நாளேடு ஒன்றில் தம் கருத்தைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதுமாறு செய்தது. அமெரிக்காவின் நோத்ர் தாம் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அருள்பணியாளர் ஜான் ஸாம் 1896-இல் எழுதிய நூலுக்கும் 1898-இல் இவ்வாறே தடை விதிக்கப்பட்டு, அவர் பணிந்ததால் ஆணை வெளியிடப்படாமல் போயிற்று. இந்நடவடிக்கைகளின் முழு விவரம், அப்பேராயத்தின் ஆவணக்காப்பகம் 1998-இல் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்ட பின்னரே தெரியவந்தது. நூறாண்டுக் காலம், எது தடைசெய்யப்பட்டது என்று தெரியாமலேயே கத்தோலிக்க அறிஞர்கள் தடைக்கு அஞ்சி நடந்திருக்கிறார்கள்.

1909 ஜூன் 30 அன்று திருத்தந்தையின் விவிலியக் குழு, தொடக்க நூலின் முதல் மூன்று அதிகாரங்களில் எவையெவை வரலாற்று உண்மையாகவே கொள்ளப்பட வேண்டும் என்று பட்டியலிட்டபோது, மனிதனின் தனிப்பட்ட படைப்பு, முதல் ஆணிலிருந்து முதல் பெண் உருவானது, மனித இனத்தின் ஒருமை, முதல் பெற்றோரின் மீறலும் அருளிழப்பும் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. இப்பட்டியல் நடப்பிலிருந்த காலத்தில்தான் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியும் தொல்லுயிரியலாளருமான தெயார் த ஷார்தன் (1881–1955) சிக்கலில் மாட்டினார்.

அவர் பாரிஸ் கத்தோலிக்கக் கல்விக்கழகத்தில் நிலவியல் கற்பித்துக்கொண்டிருந்த 1922-ஆம் ஆண்டில், ஜென்மப் பாவத்தை வரலாற்றில் எங்ஙனம் உருவகித்துக் காண இயலும் என்பதைப் பற்றி, அச்சுக்கென்றில்லாமல் இறையியல் அறிந்த சிலரின் கலந்தாய்வுக்காக ஒரு சிறு குறிப்பு எழுதினார். கடந்த காலத்தை அறிவியல் எவ்வளவு தெளிவாக மீட்டெடுக்கிறதோ அவ்வளவுக்கு ஆதாமுக்கும் இன்ப வனத்துக்கும் அங்கே இடம் குறைகிறது என்பது அக்குறிப்பின் தொடக்கப் புள்ளி. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே உயிர்கள் ஒன்றையொன்று கொன்று தின்றன, நோயுற்றன, இறந்தன என்று பாறைப் படிவங்கள் காட்டுகையில், சாவு ஆதாமின் பாவத்தால்தான் உலகில் நுழைந்தது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வியை அவர் எழுப்பினார். வீழ்ச்சியை ஒரு நாளில், ஓரிடத்தில், ஓர் இணையர் செய்த செயலாகக் காணாமல், இன்னும் நிறைவடையாத, பலவாகச் சிதறிக் கிடக்கும் படைப்பு முழுவதையும் தழுவிய ஒரு நிலையாகக் காண முடியுமா என்றும் அவர் சோதித்துப் பார்த்தார்.

சாவைப் பற்றிய அவருடைய கேள்விக்கு மரபிலேயே பாதி விடை இருந்தது. மனிதனின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறிவிடவில்லை, புலால் உண்ணும் விலங்கு அப்போதும் புலாலே உண்டது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தோமா அக்குவினா எழுதியிருக்கிறார். மனித உடலும் இயல்பால் அழியக்கூடியதே, சாவாமை அதற்கு மேலதிகமாக அருளப்பட்ட கொடையே என்பதும் அவர் கருத்து. எனவே ஆதாம் இழந்தது கொடையைத்தான் என்று சொல்லிப் பாறைகளோடு ஒருவாறு சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் ஆதாம் ஒருவன் இருந்தானா என்ற அடுத்த கேள்விக்கு அக்குவினாவிடம் விடை இல்லை. அவர் காலத்தில் அக்கேள்வியே எழவில்லை.

தெயாரின் குறிப்பு உரோமையை எட்டிற்று. 1924-இன் இறுதியில் அவருடைய சபைத் தலைமை அவரைக் கண்டித்தது. சபைத் தலைவர் லெதுகோவ்ஸ்கியின் காலத்தில், 1925-இல், ஆறு கூற்றுகள் அடங்கிய தாளொன்றில் கையொப்பமிடுமாறு அவர் பணிக்கப்பட்டார். மனித இனம் முழுவதும் ஆதாம் என்ற முதல் பெற்றோரிடமிருந்தே தோன்றியது என்பது அவற்றுள் ஒன்று. அறிவியலாளர் என்ற முறையில் அவரை உறுத்தியது அக்கூற்றே. நண்பர்களுடன் கலந்து, நெடிய தயக்கத்துக்குப் பின் அவர் கையொப்பமிட்டார். அதே 1925 ஜூலையில்தான் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் நகரில், பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காகப் பள்ளி ஆசிரியர் ஸ்கோப்ஸ் மீது வழக்கு நடந்தது. அதற்கு உலகெங்கிலுமிருந்து செய்தியாளர் திரண்டனர். பாரிஸில் நடந்தது நாளேடுகளுக்குத் தெரியவே இல்லை. தெயார் கற்பித்தல் பணியை இழந்து, 1926-இல் சீனாவுக்குக் கப்பலேறினார்.

ஆதாமைப் பற்றிப் பேசக் கூடாதென்று அனுப்பப்பட்டவர் போய்ச் சேர்ந்தது, ஆதாமைப் பற்றிய கேள்வியைப் பன்மடங்கு கடினமாக்கிய ஓர் அகழ்விடத்துக்கு. பீக்கிங் நகருக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோகோதியன் சுண்ணாம்புக் குன்றில் கிடைத்த ஒரு பல்லை வைத்து, கனடா நாட்டு உடற்கூற்றியலாளர் டேவிட்சன் பிளாக் 1927-இல் 'பீக்கிங் மனிதன்' என்ற இனத்துக்குப் பெயரிட்டிருந்தார். 1929 டிசம்பர் 2 அன்று மாலை, குளிர் கடுமையாக இருந்த அகழ்வுப் பருவத்தின் இறுதி நாள்களில், பெய் வென்சோங் என்ற இளம் சீன ஆய்வாளர் குகையின் இடுக்கில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மண்டையோட்டைத் தோண்டியெடுத்தார். ஈரத்தால் எளிதில் உடையக்கூடியதாக இருந்த அதைக் கணப்பருகே உலர்த்தி, மாவுப்பசை தோய்த்த துணி சுற்றிக் கெட்டியாக்கிப் பீக்கிங்குக்குக் கொண்டுசென்றார். அந்த அகழ்வுக்கு நிலவியல் ஆலோசகர்களுள் ஒருவராக இருந்த தெயார், படிவ அடுக்குகளின் காலத்தையும் உடன் கிடைத்த விலங்கெலும்புகளையும் ஆராய்ந்தார். தாழ்ந்த நெற்றியும் தடித்த புருவ மேடும் கொண்ட, பல லட்சம் ஆண்டுகள் பழமையான அந்த உயிர்கள் கற்கருவி செய்தவை என்பது 1931 அளவில் தெளிவாயிற்று. கருவி செய்தவன் மனிதன் என்றால் அவனுக்கு அழியாத ஆன்மா உண்டா, அவன் ஆதாமுக்கு முன்னவனா பின்னவனா என்ற வினாக்களுக்கு 1909-ஆம் ஆண்டுப் பட்டியலில் விடை தேட வழியில்லை.

1950 ஆகஸ்ட் 12 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல்தான் இவ்வரலாற்றின் நடுத்தூண். மனித உடல் ஏற்கெனவே உயிருடனிருந்த ஒன்றிலிருந்து தோன்றியதா என்று அறிவியல், இறையியல் ஆகிய இரு துறை அறிஞர்களும் ஆராய்ந்து விவாதிப்பதைத் திருச்சபை தடுக்கவில்லை என்றும், ஆன்மா மட்டும் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதை விசுவாசிகள் ஏற்றாக வேண்டும் என்றும் அது கூறியது. பல்முன்னோர்க் கொள்கையில் அந்த உரிமை இல்லை என்று அடுத்த பத்தி அறுதியிட்டது. ஆதாமுக்குப் பின் அவன் வழிவராத உண்மையான மனிதர் பூமியில் இருந்தனர் என்பதும், ஆதாம் என்ற பெயர் முதல் பெற்றோர் பலரின் தொகுதியைக் குறிக்கிறது என்பதும் ஏற்கத்தக்கன அல்ல. ஏனெனில், வம்சவழி வரும் ஜென்மப் பாவத்தைப் பற்றிய போதனையோடு இவற்றை இணைக்கும் வழி எதுவும் புலப்படவில்லை என்று மடல் காரணம் காட்டிற்று. இந்தக் கடைசிச் சொற்களை இறையியலார் உருப்பெருக்கி வைத்துப் படித்தனர். வழி இல்லை என்று திருத்தந்தை சொல்லவில்லை, புலப்படவில்லை என்றே சொன்னார். நாளை புலப்பட்டால் தடையும் நீங்கும் என்பது அவர்கள் கண்ட இடைவெளி.

1954-இல் ஒருமுன்னோர்க் கொள்கையை ஆதரித்து விரிவாக எழுதிய ஜெர்மானிய இறையியலார் கார்ல் ரானர், 1960களின் பிற்பகுதியில், அது இல்லாமலும் போதனை நிற்கும் என்ற முடிவுக்கு வந்தார். மனிதன் தன் சம்மதம் கேட்கப்படாமலேயே, பிறரின் பாவங்கள் ஏற்கெனவே உருக்குலைத்த ஒரு சூழலில் பிறந்து, அச்சூழலால் தன் சுதந்திரமே வடிவம் பெறுவதைக் காண்கிறான். அந்நிலைதான் ஜென்மப் பாவம் என்ற விளக்கம் அக்காலத்தில் வலுப்பெற்றது. 1966 ஜூலையில் இப்பொருள் குறித்துக் கூடிய இறையியலாரிடம் திருத்தந்தை ஆறாம் பவுல், நிரூபிக்கப்படாத பல்முன்னோர்க் கொள்கையை அடித்தளமாகக் கொள்ளும் விளக்கங்களைக் குறித்து எச்சரித்தார். 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, ஜென்மப் பாவம் செய்யப்பட்ட பாவமன்று, பெறப்பட்ட நிலையே என்றும், ஒப்புமை வகையிலேயே அது பாவம் எனப்படுகிறது என்றும் விளக்கிற்று. 1996-இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று அறிவித்தார். முன்னோர் கணக்கைப் பற்றி அவ்வறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

இதற்கிடையில் கணக்கு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. தாய்வழி மட்டுமே கடத்தப்படும் மரபுப்பொருளை 147 பேரிடம் ஒப்பிட்டு, இன்றைய மனிதர் அனைவரின் தாய்வழியும் ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணில் சந்திக்கிறது என்று 1987-இல் கேன், ஸ்டோன்கிங், வில்சன் ஆகியோர் அறிவித்தபோது, இதழ்கள் ஏவாள் கிடைத்துவிட்டதாக எழுதின. அப்பெண் தன் காலத்தின் ஒரே பெண் அல்லள்; அவளுடன் வாழ்ந்த பிற பெண்களின் தாய்வழி இடையில் எங்கோ மகளில்லாமல் அறுந்தது, அவ்வளவே. 1995-இல் மரபியலாளர் பிரான்சிஸ்கோ அயாலா, நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றின் மிகப் பல வடிவங்கள் இன்றும் மனிதரிடம் நிலைத்திருப்பதைக் கொண்டு, நம் முன்னோர் தொகை எக்காலத்திலும் இருவராகச் சுருங்கியிருக்க முடியாது, பல ஆயிரமாகவே இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஓர் ஆள் ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களையே தாங்க முடியும். ஓர் இணையரிடம் நான்குக்கு மேல் இருக்க வழியில்லை. இவ்வாதத்தை முன்வைத்த அயாலா முன்னாளில் தொமினிக்கன் சபைக் குருவாக இருந்தவர் என்பது ஒரு சுவையான செய்தி.

2011-இல் அமெரிக்க மெய்யியலாளர் கென்னத் கெம்ப், சுற்றுமடலின் சொற்களையும் மரபணுக் கணக்கையும் ஒருசேரக் காக்கும் ஒரு வழியை விரித்தெழுதினார். உடலால் மனிதரை ஒத்த சில ஆயிரம் உயிர்களிடையே இருவருக்கு மட்டும் கடவுள் பகுத்தறியும் ஆன்மாவைத் தந்தார், அவர்கள் வீழ்ந்தனர், அவர்களின் மக்கள் சுற்றியிருந்த மற்றவர்களுடன் கலந்து பெருகினர், ஆன்மா பெற்றோர் அனைவரும் அவ்விருவரின் வழிவந்தோரே என்பது அவர் காட்டும் காட்சி. இதற்கு வம்சக் கணக்கியலும் துணை நிற்கிறது. ஒருவருக்குப் பெற்றோர் இருவர், பாட்டன்பாட்டிமார் நால்வர் என்று முப்பது தலைமுறை பின்னே எண்ணினால் 107 கோடி இடங்கள் வருகின்றன. அன்று உலகில் அத்தனை பேர் இல்லை. எனவே ஒரே ஆள் பல இடங்களை நிரப்புகிறார், எல்லாக் கொடிவழிகளும் விரைவில் பின்னிக்கொள்கின்றன. இன்று வாழும் அனைவருக்கும் பொதுவான ஒரு மூதாதை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கக்கூடும் என்று 2004-இல் ரோட், ஓல்சன், சாங் ஆகியோரின் கணக்கு மாதிரி காட்டிற்று. அந்த மூதாதையின் மரபணுத் துணுக்கு ஒன்றுகூட நம்மிடம் இல்லாமலும் போகலாம். வழிவந்தோர் என்பதற்கு ஒரே இணையரிடமிருந்து மட்டும் வந்தோர் என்று பொருள் கொள்ளத் தேவையில்லை என்பதே இதன் பயன். திரெந்துச் சங்கத்தின் விதி இவ்வளவையே கேட்கிறது.

கெம்பின் தீர்வு எழுத்தளவில் குறையற்றது; ஆனால் தாயிடம் ஆன்மா உண்டு, தந்தையிடம் இல்லை என்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே குகையில் வாழ்ந்தன என்று கருத வைக்கிறது; எந்த எலும்பாலும் எந்தக் கருவியாலும் சோதிக்க முடியாத ஒரு கோட்டை அவர்களுக்கிடையே இழுக்கிறது. ரானரின் விளக்கம் மனித அனுபவத்துக்கு அருகில் இருக்கிறது. ஆயினும் வழிமரபு என்று சங்கம் சொன்னதைச் சமூகச் சூழல் என்று படிக்கும்போது, பெலாஜியுஸின் முன்மாதிரிக் கொள்கையிலிருந்து அது எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்ற ஐயம் எழவே செய்கிறது. ஜென்மப் பாவம் குற்றப்பொறுப்பன்று, இழந்த நிலை மட்டுமே என்று மறைக்கல்வி ஏடே ஒப்புக்கொண்ட பின், அதைச் சுமக்க ஒற்றை வம்சத் தலைவன் எதற்கு என்பதை விளக்கும் கடமை போதனையைக் காப்பவர்களுடையதே. அவ்விளக்கம் அதிகாரப்பூர்வமாக இன்னும் தரப்படவில்லை. தெயாரின் மறைவுக்குப் பின் அச்சான நூல்களைக் குறித்து 1962 ஜூன் 30 அன்று உரோமை ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் அடிக்குறிப்பொன்றில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர் பெயரை மதிப்புடன் குறித்தார். 2017-இல் வத்திக்கானின் பண்பாட்டுக் குழு அவ்வெச்சரிக்கையை நீக்குமாறு திருத்தந்தையிடம் வேண்டிற்று. ஆயினும் பல்முன்னோர்க் கொள்கையைப் பற்றிய 1950-ஆம் ஆண்டு வாக்கியத்தைப் பின்வந்த எந்தத் திருத்தந்தையும் திரும்பப் பெறவில்லை.